குறுக்குவழிக்குப் போட்ட நீட்டிப்பு பிறர் கடிதத்தையும் வாசிக்கிறது

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில், விசுவமடுவுக்குக் கிட்ட ஒரு சிறிய கடை வைத்திருக்கிறேன். போட்டோக் கொப்பி, லமினேற்றிங், ரைப்பிங், ஒன்லைன் விண்ணப்பம். இரண்டு கணினி, ஒரு பிரிண்டர், வருகிறவர்கள் இருக்க ஒரு வாங்கு. அஸ்வெசும (அரச நலன்புரி உதவி) மேன்முறையீடு, காணிக் கடிதம், ஓய்வூதியக் கோப்பு, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் பிழைத்த பெயர் என்று நாளுக்குப் பத்துப் பதினைந்து பேரின் காகிதங்கள் என் மேசைக்கு வந்து போகும். கடந்த ஆண்டு, கணினியின் உலாவியில் ஒரு சின்னச் செயலியைப் பார்க்காமல் பொருத்தியதால் என் கையால் நடந்த ஒரு பிழையை உங்கள் பத்திரிகையில் சொல்ல வேண்டுமென்று நெடுநாளாக நினைத்து வந்தேன். வன்னியில் என்னைப்போல் கடை வைத்திருப்பவர்கள் பலர். அவர்களுக்கும் இதே பிழை நேரக்கூடும்.

எங்கள் கடைக்கு ஏன் செயற்கை நுண்ணறிவு தேவைப்பட்டது என்பதை முதலில் சொல்கிறேன். மக்களுக்குத் திணைக்களங்களிலிருந்து வரும் கடிதங்களில் பல இன்னும் சிங்களத்தில்தான் வருகின்றன. கடித உறையைக்கூடப் பிரிக்காமல் கொண்டுவந்து, "இதில என்ன கிடக்குதெண்டு பாருங்கோ பிள்ளை" என்று நீட்டுவார்கள். முன்பெல்லாம் சிங்களம் தெரிந்த ஒருவரைத் தேடிப் போவோம். அவர் ஊரில் இல்லையென்றால் கடிதம் நாட்கணக்கில் கிடக்கும், பதில் சொல்ல வேண்டிய திகதி போய்விடும். சட்ஜிபிடி வந்த பிறகு (2022 நவம்பர் 30 இல்தான் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள்) கடிதத்தைப் படமெடுத்துப் போட்டால் ஒரு நிமிடத்தில் சாரம் தமிழில் வந்துவிடுகிறது. இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. காணிக் கடிதத்தின் கடைசித் திகதி தெரியாமல் நித்திரையில்லாமல் இருந்த ஒரு ஐயாவுக்கு, இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது என்று என்னால் சொல்ல முடிந்தது.

தொல்லை, நாம் அடித்ததைச் சட்ஜிபிடிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழியில்தான். என் விரல் பழகியது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் திரையில் அம்மா என்று தெரியும். உள்ளே கிடப்பதோ நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். அதை அப்படியே கொண்டுபோய் ஒட்டினால் எந்தச் செயலிக்கும் விளங்காது. ஆகவே முதலில், எல்லாச் செயலிக்கும் விளங்கும் யூனிகோடு எழுத்தாக மாற்றும் பக்கத்தில் ஒட்டி, மாற்றி, கொப்பி பண்ணி, புது ரப் திறந்து, சட்ஜிபிடிக்குப் போய், கணக்கில் நுழைந்து, மறுபடி ஒட்டி, கேள்வி எழுத வேண்டும். வாங்கில் ஐந்து பேர் இருக்கும்போது இது பெரிய வேலை.

அந்த நேரத்தில்தான் ஒரு நீட்டிப்பு கண்ணில் பட்டது. எக்ஸ்ரென்சன் என்று பெடியள் சொல்வதைத்தான் குரோமைத் தமிழில் வைத்திருப்பவர்கள் 'நீட்டிப்பு' என்று பார்த்திருப்பார்கள். உலாவிக்குள் பொருத்திக்கொள்ளும் சின்னச் செயலி அது. இதைப் போட்டால் எந்தப் பக்கத்திலும் எழுத்தைத் தெரிவு செய்தவுடன் பக்கத்தில் ஒரு சின்னப் பொட்டு முளைக்கும். அதை அழுத்தினால் வலப்பக்கத்தில் ஒரு பட்டை திறக்கும், கேள்வியை அங்கேயே கேட்கலாம், ரப் மாற வேண்டியதில்லை. இலவசம். நட்சத்திரமும் நிறைய. போட்டேன். வேலை பாதியாகக் குறைந்தது. இரண்டு மூன்று மாதம் அதை வாயாரப் புகழ்ந்திருக்கிறேன். பக்கத்துக் கடைத் தம்பிக்கும் நானே போட்டுக் கொடுத்தேன்.

ஒருநாள் ஓர் அம்மா வந்தார். 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடங்கிய போராட்டக் கொட்டகையில் பல நாள் இருந்தவர். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குக் கொடுத்த விபரத்தோடு இன்னொரு கடிதம் ஆங்கிலத்தில் வேண்டும் என்றார். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். மகனின் பெயர், பிறந்த திகதி, போர் முடிந்த நாட்களில் வட்டுவாகலில் வைத்துக் கடைசியாகக் கண்ட நேரம், அன்று அவன் போட்டிருந்த சேட்டின் நிறம், தன்னுடைய அடையாள அட்டை இலக்கம். சேட்டின் நிறத்தைச் சொல்லும்போது, "கத்தரிப்பூ இல்லை பிள்ளை, அதைவிடக் கொஞ்சம் மங்கல்" என்று திருத்தினார். மங்கல் கத்தரிப்பூ என்று அடித்தேன். யூனிகோடாக மாற்றினேன், தெரிவு செய்தேன், பொட்டை அழுத்தினேன், ஆங்கிலத்தில் வந்தது. 'வெளிக்கிட்டவன்' (புறப்பட்டவன்) என்று நான் எழுதியதை 'வெளியே தள்ளப்பட்டவன்' என்ற பொருளில் அது ஆங்கிலமாக்கியிருந்ததைக் கண்டு திருத்தினேன். (நம்முடைய பேச்சு வழக்கு இவற்றுக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. ஆங்கிலம் கொஞ்சமேனும் தெரிந்த ஒருவர் வரிக்கு வரி பார்க்காமல் எந்த வாக்குமூலத்தையும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு வினைச்சொல் மாறினாலே நடந்தது வேறாகிவிடும்.) அச்செடுத்துக் கொடுத்தேன். அம்மா வாங்கில் இருந்து கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த இடைவெளியில் இன்னொரு தம்பி மற்றக் கணினியில் தன் வேலைக்கு ஏதோ கேட்க அந்தப் பட்டையைத் திறந்திருக்கிறார். என் கேள்விகளெல்லாம் அங்கே வரிசையாக நின்றன. மேலே நின்றது அந்த அம்மாவின் கடிதம். வாசித்துவிட்டார். எழும்பி வந்து, மெதுவாகத்தான் கேட்டார்: "அம்மா, உங்கட மகனையும் வட்டுவாகலிலயோ விட்டனீங்கள்? என்ர அண்ணாவும் அங்கதான்."

அந்தத் தம்பி கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. தன் துயரத்தைத்தான் சொன்னார். ஆனால் அம்மாவின் முகம் மாறிப்போனது. என்னைத் திரும்பிப் பார்த்து, "நான் உனக்குத்தானே பிள்ளை சொன்னனான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. காசைக் கணக்காக எண்ணி மேசையில் வைத்துவிட்டுப் போனார். வழக்கமாக மிச்சக் காசுக்கு நின்று நாலு கதை கதைத்துவிட்டுப் போகிறவர்.

நான் போட்டது ஒரு கணினியில்தான். மற்றதில் எப்படி வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. அறிவியல்நகரில் பொறியியல் பீடத்தில் படிக்கும் என் பெறாமகன் அந்தச் சனிக்கிழமை வந்தபோது காட்டினேன். இரண்டு கணினியிலும் குரோமில் ஒரே கூகுள் கணக்கால் நுழைந்திருக்கிறேன், ஒத்திசைவு போட்டிருக்கிறது. ஒன்றில் ஏற்றிய நீட்டிப்பு மற்றதிலும் தானாக ஏறிவிடும். பட்டையின் கணக்குக்கும் அதே கூகுள் கணக்கால்தான் நுழைந்திருந்தேன். அதனால் என் கேள்விகளும் அங்கே வந்து நின்றிருக்கின்றன. வீட்டிலுள்ள மடிக்கணினியிலும் அதே நீட்டிப்பு இருந்தது.

அடுத்து அவன் சொன்னதுதான் என்னை உலுக்கியது. "சின்னம்மா, நீங்கள் இவ்வளவு நாளும் சட்ஜிபிடியோட நேர கதைக்கேல்லை. நடுவில ஒருத்தர் நிக்கிறார்." நான் பட்டையில் எழுதியதெல்லாம் முதலில் அந்த நீட்டிப்பைச் செய்தவரின் சேர்வருக்குப் போகிறது. அங்கிருந்துதான் செயற்கை நுண்ணறிவுக்குப் போய்ப் பதில் திரும்பி வருகிறது. வரிசையாக நின்ற பழைய கேள்விகளெல்லாம் அவர் வைத்திருந்த கொப்பிகள். எல்லா நீட்டிப்பும் இப்படி அல்ல. சில, நேரே அந்தந்தத் தளத்தைத்தான் பக்கத்தில் திறந்து காட்டும். என்னுடையது நடுவில் நின்று வாங்கிக் கொடுக்கும் வகை. யார், எந்த நாடு என்று அதன் பக்கத்தில் ஒரு விபரமும் இல்லை. ஒரு மின்னஞ்சல் முகவரி மட்டும்.

முகவரிப் பட்டைக்கு வலப்பக்கத்தில் இருக்கும் புதிர்த்துண்டுப் படத்தை அழுத்தி, நீட்டிப்புகளின் விபரத்தைத் திறந்து காட்டினான். 'எல்லாத் தளங்களிலும்' என்பது தெரிவாகிக் கிடந்தது. ஏற்றும்போது உலாவி என்னிடம் கேட்டிருக்கிறது: எல்லா இணையத்தளங்களிலும் உள்ள உங்கள் தரவு முழுவதையும் வாசிக்கவும் மாற்றவும் இதற்கு அனுமதியா என்று. நான்தான் பார்க்காமல் சம்மதம் அழுத்தியிருக்கிறேன். எழுத்தைத் தெரிவு செய்தவுடன் பொட்டு முளைக்க வேண்டுமென்றால் அது எல்லாப் பக்கத்தையும் பார்த்துக்கொண்டுதானே நிற்க வேண்டும்! முற்றம் கூட்ட வந்தவரிடம் அறைத் திறப்பு, அலுமாரித் திறப்பு எல்லாவற்றையும் கொடுத்த வேலை. வாடிக்கையாளரின் மின்னஞ்சலைத் திறந்து கோப்பு இறக்கிய போதும், வங்கிப் பக்கத்தைத் திறந்த போதும் அது அங்கே நின்றிருக்கிறது. அது எடுத்ததா, எடுக்கவில்லையா என்று என்னால் சொல்ல முடியாது. எடுக்க வழி இருந்தது. அந்த வழியை நான் மற்றவர்களின் காகிதத்துக்குத் திறந்துவிட்டிருந்தேன்.

இது வெறும் பயம் அல்ல என்று அவன் இரண்டு சம்பவங்களைச் சொன்னான். 2023 மார்ச்சில், 'சட்ஜிபிடிக்கு விரைவு அணுகல்' என்ற பொருள்படும் பெயரிலேயே ஒரு நீட்டிப்பு குரோம் இணையக் கடையில் இருந்தது. முகநூலில் விளம்பரம் போட்டுப் பரப்பினார்கள். சொன்னபடி சட்ஜிபிடியைத் திறந்தும் கொடுத்தது, அதனால் ஒருவரும் சந்தேகப்படவில்லை. உள்ளே அது குக்கிகளைத் திருடி முகநூல் கணக்குகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. கார்டியோ என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் கூகுள் அதை அகற்றியது. அதற்குள் நாளுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் ஏற்றியிருந்தார்கள். குக்கி என்பது, ஆஸ்பத்திரியில் பதிந்ததும் தரும் துண்டு மாதிரி. அந்தத் துண்டைக் காட்டினால் வாசலில் மறுபடி பெயர் கேட்கமாட்டார்கள். துண்டைத் திருடியவனுக்குக் கடவுச்சொல் தேவையில்லை.

மற்றது 2024 டிசம்பர் 24. சைபர்ஹேவன் என்பது பாதுகாப்பு நிறுவனம்தான். அதன் ஊழியர் ஒருவரை ஏமாற்று மின்னஞ்சலால் மடக்கி, அவர்களுடைய நீட்டிப்பின் புதிய பதிப்பு என்ற பெயரில் களவுப் பதிப்பை ஏற்றிவிட்டார்கள். சுமார் 4 லட்சம் பேர் பாவித்த நீட்டிப்பு அது. நீட்டிப்புகள் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும் என்பதால் பாவிப்பவர்கள் ஒன்றையும் அழுத்தவில்லை. அதே காலத்தில் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் என்று வந்த வேறு சில நீட்டிப்புகளும் இதே வகையில் கெடுக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. நல்ல எண்ணத்தோடு செய்த நீட்டிப்பும் ஒரு நாள் இன்னொருவன் கைக்குப் போகலாம். முன்னரே எல்லாத் தளத்துக்கும் அனுமதி கொடுத்துவிட்டபடியால், அன்றைக்கு உலாவி நம்மிடம் புதிதாகக் கேட்பதற்கு ஒன்றும் இருக்காது.

நான் ரைப்பிங் பழகியது தட்டச்சுப் பொறியில், கார்பன் தாள் வைத்து. எத்தனை கொப்பி எடுத்தேன் என்று எண்ணலாம், பிழைத்த தாளைக் கிழித்து அடுப்பில் போடலாம். வன்னிச் சனத்துக்குத் தங்கள் விபரம் எந்தப் பதிவில் ஏறுகிறது, யார் கைக்குப் போகிறது என்பது சின்ன விசயம் அல்ல. எத்தனை தரம் பதிந்தார்கள், எத்தனை சோதனைச் சாவடியில் பெயர் சொன்னார்கள். நமது அடையாள அட்டை இலக்கம்கூட வெறும் இலக்கம் அல்ல. பிறந்த ஆண்டு அதில் இருக்கிறது, ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது இருக்கிறது, பெண் என்றால் அந்த நாளோடு 500 கூட்டியிருக்கிறது. அதை எங்கோ ஒரு சேர்வருக்கு நான் நாளாந்தம் அனுப்பிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் வயிறு பிசைகிறது.

நீட்டிப்பை மூன்று கணினியிலும் அகற்றினேன். அகற்றுவதற்கு முதல் அதன் உள்ளே இருந்த கேள்விகளை ஒவ்வொன்றாக அழித்தேன். முக்கியமான கடவுச்சொற்களை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும்படி கொடுத்தேன். பக்கத்துக் கடைத் தம்பியிடமும் போய்ச் சொல்லி அகற்றுவித்தேன். அந்த மின்னஞ்சல் முகவரிக்கு, நாங்கள் அனுப்பியவற்றை அழித்துவிடுங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அப்படி ஒரு முகவரியே இல்லை என்று கடிதம் திரும்பி வந்தது.

இப்போது வேகம் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. வெளியார் நீட்டிப்பு ஒன்றும் இல்லாமலே முன்னையளவு வேகத்தில் வேலை செய்கிறேன். சட்ஜிபிடி, ஜெமினி போன்ற தளத்தை ஒருதரம் முகவரியைச் சரியாக எழுதித் திறந்து, கொன்ட்ரோல் விசையோடு டி அழுத்தினால் புக்மார்க் ஆகிவிடும். கொன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புக்மார்க் பட்டை எப்போதும் மேலேயே நிற்கும். அதைவிட எனக்குப் பிடித்தது, அந்த ரப்பில் வலது கிளிக் கொடுத்து 'பின்' பண்ணிவைப்பது. இடப்பக்க மூலையில் சின்னதாக ஒட்டிக்கொண்டு நிற்கும். எந்தப் பக்கத்தில் இருந்தாலும் கொன்ட்ரோலும் 1 உம் அழுத்தினால் அங்கே போய் நிற்பேன். பெறாமகன் இன்னொன்றும் செய்து தந்தான். குரோம் அமைப்புகளில், தேடுபொறிப் பகுதியில், 'தளத் தேடல்' என்ற இடத்தில் சட்ஜிபிடியைச் சேர்த்து ஒற்றை எழுத்தைக் குறுக்குச் சொல்லாக வைத்திருக்கிறான். முகவரிப் பட்டையில் அந்த எழுத்து, பிறகு டாப் விசை, பிறகு கேள்வி, என்ரர். நேரே பதிலில் போய் இறங்கும். பக்கப்பட்டைதான் வேண்டும் என்பவர்களுக்கு, பயர்பொக்ஸில் அது உள்ளேயே இருக்கிறது. சட்ஜிபிடி, கிளோட், ஜெமினி ஆகியவற்றில் நாம் தெரிவு செய்யும் தளமே நேரே திறக்கும். எட்ஜில் கோபைலட் அப்படியே. நடுவில் பெயர் தெரியாத ஒருவர் இல்லை.

ஏதாவது ஒரு நீட்டிப்பு கட்டாயம் வேண்டுமென்றால், அதன் விபரப் பக்கத்தில் 'எல்லாத் தளங்களிலும்' என்பதை 'கிளிக் செய்யும்போது' என்று மாற்றுங்கள். நாம் அழுத்தும்போது மட்டும்தான் அந்தப் பக்கத்தைப் பார்க்கும். ஆனால் பலர் வந்திருந்து பாவிக்கும் கடைக் கணினியில் அதுவும் வேண்டாம் என்பதே என் எண்ணம்.

நேரே போனாலும் அடுத்தவர் காகிதத்தை அப்படியே கொட்டலாம் என்று அர்த்தமில்லை. இப்போது நான் சட்ஜிபிடியில் 'தற்காலிக உரையாடல்' என்பதைத் திறந்துதான் கேட்கிறேன். அது வரலாற்று வரிசையில் நிற்காது, பயிற்சிக்கும் எடுக்கமாட்டார்கள், ஆனாலும் 30 நாள் வரை அவர்களிடம் கிடக்கலாம். ஆகவே பெயருக்கு 'அ', மகனுக்கு 'ஆ', ஊருக்கு 'இ', அடையாள அட்டைக்கு வெறும் கோடு. ஆங்கிலம் வந்த பிறகு என் கையால் பெயர்களைத் திருப்பிப் போடுகிறேன். சிங்களக் கடிதத்தைப் படமெடுக்கும்போது பெயரும் முகவரியும் இருக்கும் மேற்பகுதியை ஒரு வெள்ளைத் தாளால் மூடிவிடுகிறேன். இதற்கு மேலதிகமாக இரண்டு நிமிடம் பிடிக்கிறது. வாங்கில் இருப்பவர்களிடம் காரணத்தைச் சொல்கிறேன், ஒருவரும் முணுமுணுத்ததில்லை.

திணைக்களங்களுக்கும் ஒரு சொல். 1987 இல் வந்த பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்கிறது. 1988 இல் வந்த பதினாறாவது திருத்தப்படி வடக்கு, கிழக்கில் நிர்வாக மொழி தமிழ். முல்லைத்தீவிலுள்ள ஒரு முதியவருக்கு அவருடைய சொந்தக் காணி பற்றிய கடிதத்தைத் தமிழில் அனுப்பினால், அந்தக் கடிதத்தை நான் ஏன் கடலுக்கு அப்பாலுள்ள ஒரு கணினிக்குக் காட்ட வேண்டும்? இந்த வேகமும் குறுக்குவழியும் எங்களுக்குத் தேவைப்பட்டதே அதனால்தான்.

அந்த அம்மா ஆறு கிழமைக்குப் பிறகு வந்தார். நானே முன்வந்து நடந்ததைச் சொன்னேன், கடிதம் போன இடம் எனக்கே தெரியாது என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இனி அடிக்கேக்க நான் பக்கத்தில கதிரை போட்டு இருக்கிறன்" என்றார். இருக்கிறார். ஒவ்வொரு பெயராக நான் 'அ' என்றும் 'ஆ' என்றும் மாற்றுவதைத் திரையில் விரல் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். சேட்டின் நிறத்தை மட்டும் மாற்ற வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார்.

ஆசிரியர் ஐயா, உங்கள் பத்திரிகை என் வாங்கில் நாளாந்தம் கிடக்கிறது, வருகிறவர்கள் புரட்டுகிறார்கள். இந்தக் கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாதென்றால் என் கதையைச் சுருக்குங்கள். புதிர்த்துண்டை அழுத்தி அனுமதியைப் பார்ப்பது, புக்மார்க், 'பின்' பண்ணுவது, பெயரை மறைப்பது ஆகிய அந்தச் சில வரிகளை மட்டும் வெட்டாமல் போடுங்கள்.

இங்ஙனம்,
ரைப்பிங் கடை நடத்தும் வாசகி ஒருவர்,
விசுவமடு, முல்லைத்தீவு மாவட்டம்.
(பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்துள்ளேன், அவற்றை வெளியிட வேண்டாம்.)